கதிர்மலை ஏறிய கால்கள்



பயணம் என்ற சொல்லுக்கு எம்மில் பலரது வாழ்க்கையில் வேறொரு பொருள் இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண்களுக்கு அது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டாமலே நடந்த பயணம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வந்தவர்களுக்கு அது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கு இரவு முழுவதும் அடி அடியாக நகர்ந்த பயணம். வன்னியில் 2009 மே வரை இருந்தவர்களுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. கொழும்பில் இருந்தவர்களையும் அது விடவில்லை. 2007 யூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் விடியப்புறத்தில் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இன்றும் காலை நேரத்தில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு படபடக்கிறது.

இவ்வளவு தூரம் போயிருக்கிறோம். ஆனால் "எனக்கு ஆசையாக இருக்கிறது, நான் போகப்போகிறேன்" என்று சொல்லிப் போன பயணங்கள் எத்தனை? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் சந்திக்கும் பெண்கள் குழுக்களில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது விரல் மடித்து எண்ணக்கூட ஒன்றுமில்லாதவர்கள்தான் அதிகம். வெள்ளவத்தையில் பதினைந்து வருடமாக வீட்டு வேலை செய்யும் ஒரு சகோதரி, காலி வீதியால் பஸ்ஸில் தெகிவளைக்கு அப்பால் போனதில்லை என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்து தொடங்கியதுதான் நாங்கள் பதினான்கு பேர் வான் பிடித்துக் கதிர்காமம் போய், கதிர்மலை ஏறி வந்த கதை. இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன். நீங்களும் போகவேண்டும் என்பதற்காக.

காசும் கதையும்

முதலில் காசு. ஆளுக்கு மாதம் 600 ரூபா வீதம் பன்னிரண்டு மாதம் சேர்த்தோம். ஆளுக்கு 7,200 ரூபா. பதினான்கு பேருக்கு 100,800 ரூபா. வான் வாடகை, சாரதியின் செலவு, சாப்பாடு, ஒரு இரவு மடத்தில் தங்கிய செலவு எல்லாம் அதற்குள் முடிந்தன. எந்த நிறுவனத்திடமும் உதவி கேட்கவில்லை. கேட்டிருந்தால், 'இதனால் வாழ்வாதாரத்துக்கு என்ன பயன்?' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருக்கும்.

படிவம் கேட்காவிட்டாலும் அயல் கேட்டது. "இந்தக் காசுக்கு ஒரு பழைய தையல் மெசினே வாங்கலாமே" என்றார் ஒருவர். "புருசன் இல்லாத பொம்பிளையளுக்கு என்ன உலாத்தல்?" என்று இன்னொருவர். கணவன் காணாமல் போன ஒரு சகோதரியிடம் அவரது மாமியார், "அவன் எங்கை எண்டு தெரியாமல் கிடக்கு, நீ மலை பாக்கப் போறியோ?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சகோதரி இரண்டு மாதம் காசு கட்டவில்லை. பிறகு தானாகவே வந்து மூன்று மாதக் காசையும் சேர்த்துக் கட்டினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சமூகவியல் படித்தபோது விளங்காத ஒன்று இங்கே எனக்கு விளங்கியது. எமது சமூகத்தில் பெண் தனியாக வீட்டை விட்டுப் போக அனுமதி தருகிற பயணம் ஒன்றே ஒன்றுதான். அது யாத்திரை. சுற்றுலா என்றால் ஆயிரம் கேள்வி. நேர்த்தி என்றால் மாமியாரும் கற்பூரத்துக்குக் காசு தருவார். கதிர்காமம் அந்த வகையில் பெண்களுக்குப் பழைய வாசல். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981 இல் வெளியிட்ட தமது நூலில், வீட்டுத் துன்பங்களிலிருந்து கதிர்காமத்துக்கு வந்து சடைமுடி வளர்த்துத் துறவிகளான பெண்களின் வாழ்க்கைகளை எழுதியிருக்கிறார். செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் ஊடாக உகந்தை வந்து, அங்கிருந்து குமுக்கனாற்றையும் யால காட்டையும் கடக்கும் பாதயாத்திரையில் ஒன்றரை மாதமளவுக்கு நடக்கிறவர்களிலும் பெண்கள் நிறையப் பேர்.

கொழும்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொலரா பரவுகிறதென்று பிரித்தானிய ஆட்சியாளர் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தினார்கள். போகமுடியாதவர்களுக்காகக் கொழும்பிலேயே 1874 இல் தொடங்கியதுதான் ஆடிவேல் விழா என்பர். செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டுக் காலி வீதியால் எமது பக்கம் வரும். 1983 யூலைக் கலவரத்தோடு அதுவும் தடைப்பட்டு, பிறகு மீண்டது. கதிர்காமம் போகமுடியாத காலத்தில் வேல் எங்களிடம் வந்தது. இப்போது போகலாம். ஆகவே போனோம்.

பச்சை முடிந்து முள் தொடங்கும் இடம்

தெற்கு அதிவேகப் பாதை 2020 முதல் மத்தள வரை போகிறது. அதால் போனால் நேரம் குறையும். எங்கள் பெண்கள் பழைய கடற்கரைப் பாதையைத்தான் கேட்டார்கள். வெள்ளவத்தைச் சந்தியில் நாம் தினமும் கடக்கிற அதே காலி வீதிதான் ஏ2 பாதையாகக் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று நீள்கிறது. கதிர்காமம் அப்படிச் சுமார் 280 கிலோமீற்றர். "எங்கட ரோட்டு எங்க போய் முடியுது எண்டு ஒருக்காப் பாப்பம்" என்றார் தெகிவளைக்கு அப்பால் போகாத அந்தச் சகோதரி.

வானின் கூரையில் பாய், பெரிய பானை இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் கான்கள். காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சம்பலும் கட்டியிருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கச் சகோதரி, "நான் மடுவுக்குப் போறனான். இது எனக்குச் சரிவருமோ?" என்று புறப்படும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மாத்தறை தாண்டும்போது பாட்டில் அவர் குரல்தான் மேலே கேட்டது. மருதானையிலிருந்து வந்த முஸ்லிம் சகோதரிக்குக் கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருப்பது முன்பே தெரியும். அவர் உம்மா அங்கே போனவராம்.

தங்காலை வரை தென்னையும் வயலும். அதற்கப்பால் பச்சை மெல்ல மெல்ல விலகுகிறது. அம்பாந்தோட்டையில் உப்பளங்கள்; முள் மரங்கள்; செம்மண். தென்மேல் பருவக்காற்று கொழும்பிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கத்துக்கு வருவது வெறும் காற்று. கொழும்பில் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றரளவு மழை என்றால், அம்பாந்தோட்டையில் அதில் பாதிக்கும் குறைவு. எமது நாட்டில் பாலைவனம் இல்லை. அதற்கு மிகக் கிட்டிய வறண்ட நிலம் இரண்டு துண்டுகளாக இருக்கிறது: வடமேற்கில் மன்னார்ப் பக்கம், தென்கிழக்கில் அம்பாந்தோட்டை, யாலப் பக்கம்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா கண்ணாடிப் பக்கம் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "இது எங்கட ஊர் மாதிரியெல்லோ கிடக்கு. மரமும் அதுதான், காத்தும் அதுதான்" என்றார். யாழ்ப்பாணத்தார் அந்தக் காற்றைச் சோளகம் என்றார்கள். மட்டக்களப்புச் சகோதரி கச்சான் என்றார். எது சரி என்று திஸ்ஸமகாராமை வரை ஒரு சண்டை. அத்தனை வருடமாகக் குழுக் கூட்டங்களில் இழப்பைப் பற்றியே பேசியவர்கள், காற்றின் பெயருக்காகச் சண்டை பிடித்ததைக் கேட்க நன்றாக இருந்தது.

மலை

நாங்கள் போனது ஆடித் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு, ஆவணியில். முதல் நாள் மாணிக்க கங்கையில் குளித்து, கோயிலில் மாலைப் பூசை பார்த்தோம். கருவறையைத் திரை மறைத்திருக்கும். கப்புறாளைமார் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்வார்கள். வேடர் குலத்து வள்ளிக்கும் அங்கே கோயில் உண்டு. திருவிழாக் காலத்தில் முருகன் ஊர்வலமாகப் போவது வள்ளியிடந்தான். "தேடிப் போறது ஆம்பிளை எண்டா திருவிழா" என்றார் மட்டக்களப்புச் சகோதரி. வான் சாரதியே சிரித்துவிட்டார்.

மறுநாள் கதிர்மலை. சிங்களவர் அதை வெடஹிட்டி கந்த என்பார்கள். எழுந்தருளியிருந்த மலை என்று பொருள். அடிவாரம் வரை வான் போகும். அங்கிருந்து மேலே போக வாடகை ஜீப்புகளும் உண்டு. நடக்கிறவர்களுக்குச் செங்குத்தான ஏற்றம். நிழல் சில இடங்களில்தான். வெயில் ஏறினால் கல் சுடும். அதனால் ஐந்தரை மணிக்கே தொடங்கினோம்.

எங்களில் ஒருவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். 2009 இல் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் போட்டு நடக்கிறவர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைக்கிறார். அடிவாரத்தில் சிலர், "அக்காவுக்காக எல்லாரும் ஜீப்பிலை போவம்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவருக்குக் கோபம் வந்தது. "எனக்காக எண்டு சொல்லாதேங்கோ. ஏலாட்டி நான் சொல்லுவன்" என்றார். இதில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான் என்றேன். அவர் நடந்தார், அவரது வேகத்துக்கு நாங்கள் நடந்தோம்.

பொய்க்காலோடு ஏறுகிறவர்களுக்கு வியர்வைதான் முதல் எதிரி. கால் முனை வியர்த்தால் உள்ளே வழுக்கும், வழுக்கினால் உரசும், உரசினால் புண்ணாகும். அவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, காலைக் கழற்றித் துடைத்து, ஈர உறையை எடுத்துவிட்டு உலர்ந்த துணி உறையைப் போட்டார். நான்கு உறைகள் கொண்டுவந்திருந்தார். இத்தனை வருடம் யாருக்கும் காட்டாத காலை அன்று வழியில் வைத்துத் துடைத்தார். பக்கத்தில் இளைப்பாறிய ஒரு சிங்கள அம்மா ஈர உறைகளை வாங்கி, பிழிந்து, புதர் மேல் வெயிலில் விரித்துவிட்டார். பாஷை தெரியாததால் கதை ஒன்றும் நடக்கவில்லை.

பாதி வழியைத் தாண்டியதும் முனையில் தோல் சிவந்துவிட்டது. அவர் பார்த்தார். "இதுக்கு மேலை ஏறினால் ஒரு கிழமை வேலைக்குப் போகேலாது. ஒரு கிழமைச் சம்பளம் போயிடும்" என்று கணக்குப் போட்டார். ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு மரநிழலில் இருந்துவிட்டார். அழவில்லை, எங்களைப் போகச் சொன்னார். இறங்கி வரும்போது, "இவ்வளவு தூரம் நான் ஏறினது" என்று அந்தக் கல்லைக் கையால் தட்டிக் காட்டினார். அடுத்த முறை எங்கேயிருந்து ஜீப் பிடிப்பது என்றும் அதற்குள் விசாரித்து வைத்திருந்தார்.

இன்னொருவர் கொட்டாஞ்சேனை அம்மா. வயது 62. மகன் 2009 இல் காணாமல் போனவர். காணாமற்போனோர் அலுவலகம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பின்னர் அங்கேயும் விபரம் கொடுத்திருக்கிறார். மகன் வந்தால் அவனோடு கதிர்மலை ஏறுவதாக நேர்த்தி. அதனால் கதிர்காமத்துக்கு இரண்டு முறை வந்தும் மலைக்கு வராமல் கீழேயே நின்றுவிட்டவர். இம்முறை வானில் ஏறும்போதுகூட "நான் கீழ இருந்து சமைக்கிறன்" என்றுதான் சொன்னார். அன்று காலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் முதல் எழும்பி, தலை இழுத்து, தடியோடு நின்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உச்சியில், காற்று சேலையை இழுக்க இழுக்க, கீழே தெரிந்த காட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நேர்த்தி முடியேல்லைப் பிள்ளை. அவன் வந்தால் அவனோடை திரும்பவும் ஏறுவன். இது எனக்கு."

நான் பல பயிற்சிப் பட்டறைகளில் உளசமூகப் பணி பற்றி உரைகள் கேட்டிருக்கிறேன். 'இது எனக்கு' என்று ஒரு தாய் சொல்வதற்கு எத்தனை வருடம் எடுக்கும் என்று எந்த உரையிலும் கேட்கவில்லை. மகனை மறந்தால்தான் தனக்கு வாழ்வு என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. காத்திருப்பும் அவருடையது, அந்த ஒரு காலைப் பொழுதும் அவருடையது.

நீங்கள் போகும்போது

வறண்ட நிலத்தில் மலை ஏறப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும்.

தண்ணீர்: எமது பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் தாகமின்மை அல்ல. மலசலகூடம் இல்லாத பயம். அடக்கி வைப்பதால் சலக்கடுப்பும், குடிக்காததால் மயக்கமும் வருகின்றன. ஆகவே வான் புறப்படுமுன் எங்கெங்கே நிறுத்துவது என்று சாரதியோடு கதைத்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரிப்பு கட்டாயம். கேட்க வெட்கப்படவேண்டாம், வாடகை கொடுப்பது நீங்கள். மலை ஏறும்போது ஆளுக்கு ஒரு லீற்றராவது கையில் இருக்கட்டும். தாகம் வருமுன் மிடறு மிடறாகக் குடியுங்கள். ஜீவனிப் பைக்கற்றுகள் சில கொண்டுபோங்கள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்கவேண்டும். பாதிப் பைக்கற், அரைப் போத்தல் என்று கண்ணளவில் போடக்கூடாது.

வெயில்: விடியப்புறம் தொடங்கி, ஒன்பது மணிக்கு முன் இறங்கத் தொடங்குங்கள். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால் அங்கேயே நிழலில் இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் கக்கத்தையும் துடையுங்கள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, கதை தடுமாறினால் அது வேறு. வாயில் ஒன்றும் ஊற்றாமல், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மருந்து: நீரிழிவு உள்ளவர்கள் விரதம் என்று வெறும் வயிற்றோடு ஏறவேண்டாம். குளுக்கோஸ் அல்லது இனிப்பு முந்தானையில் முடிந்திருக்கட்டும். பிரெசர் குளிசையை அன்றைக்கென்று நிறுத்தாதீர்கள். இருதய வருத்தம் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். ஜீப்பில் போனாலும் அது யாத்திரைதான்.

கால்: இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம். முழங்கால் நோ உள்ளவர்கள் தடியை ஊன்றிப் பக்கவாட்டில், சின்ன அடியாக இறங்கவேண்டும். சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகிக்கொள்ளுங்கள். எங்களில் விழுந்த ஒரே ஆள் சேலையில் தடக்கித்தான் விழுந்தார்.

மாதவிடாய்: மலைக்கு வருவதா, கீழே இருப்பதா என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்கட்டும். குழுவில் யாரும் விசாரணை வைக்கக்கூடாது. பொட்டு வைப்பது, பூ வைப்பதும் அப்படியே. மாணிக்க கங்கைக் கரையில் ஒரு விதவைச் சகோதரி பல வருடத்துக்குப் பிறகு தலையில் பூ வைத்தார். கொழும்புக்கு வரும் வழியில் எடுத்துவிட்டார். இரண்டும் அவரது விருப்பம்.

எங்கள் குழுவில் அடுத்த பயணத்துக்கான சீட்டு தொடங்கிவிட்டது. மன்னார் அக்கா தன்னுடைய ஊருக்குத்தான் வான் போகவேண்டும் என்கிறார். கத்தோலிக்கச் சகோதரி மடு என்கிறார். கணவன் காணாமல் போன அந்தச் சகோதரி இம்முறை மாமியாருடைய பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். கிழவிக்குக் கடல் பார்க்க ஆசையாம்.

சகோதரிகளே, உங்கள் அயலில் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். மாதம் 100 ரூபாவில் தொடங்கினாலும் தொடங்கியதுதான். தூரம் முக்கியமில்லை; பக்கத்து ஊர்க் குளக்கட்டுக்குப் போய் ஒரு பானை சோறு சமைத்துச் சாப்பிட்டு வந்தாலும் அது பயணமே. தையல் மெசினும் வேண்டும், கோழியும் வேண்டும், ஆடும் வேண்டும். அவற்றைப் பார்க்கிற பெண்ணுக்கு வருடத்தில் இரண்டு நாள் ஓய்வும் வேண்டும். அதற்கான காசை அவள் யாரிடமும் கணக்குக் காட்டத் தேவையில்லை.